ஈசானி மூலைக்கு வாட்டம்

கதவைத் திறந்து வாசலில் இறங்கினால் முதல் கல் ஆடும். இரண்டாவது கல் ஆடாது, சறுக்கும். மூன்றாவது கல் ஆடுவதோடு நிற்காது. ஓரத்தில் மிதித்தால் அடியில் தேங்கிக் கிடக்கிற சேற்றுத் தண்ணீரை முழங்கால் உயரத்துக்குப் பீச்சி அடிக்கும். பலவேசத்துக்கு இதெல்லாம் மனப்பாடம். வீட்டுப் படியிலிருந்து தெருக்கதவு வரை பதினெட்டு அடி, அகலம் பன்னிரண்டு, இரண்டுக்கு இரண்டு கடப்பாக்கல் ஐம்பத்து நாலு. அதில் ஆடாத கல் பதினொன்று. அந்தப் பதினொன்றும் வரிசையாகக் கிடந்திருந்தால் மிதித்துக்கொண்டே தெருவுக்குப் போய்விடலாம். ஊரெல்லாம் சண்டை போட்டுக்கொண்ட சொந்தக்காரர்கள் மாதிரி மூலைக்கொன்றாகக் கிடந்தன.

இரண்டு கால் உள்ளவனுக்கு ஆடுகிற கல் ஒரு எரிச்சல். திட்டிவிட்டுப் போவான். ஒரு காலும் இரண்டு கட்டையும் வைத்திருப்பவனுக்கு அப்படி இல்லை. அக்குள்கட்டையின் நுனியில் மாட்டியிருக்கிற ரப்பர் ஒரு டீ கிளாசின் அடி அகலம்தான். அது கல்லின் ஓரத்தில் விழுந்தால் கல் ஒரு பக்கம் போகும், கட்டை இன்னொரு பக்கம் போகும், உடம்பு எந்தப் பக்கம் போவதென்று தெரியாமல் ஒரு நொடி நிற்கும். அப்புறம் விழும்.

போன திங்கட்கிழமை காலையில் அப்படித்தான் விழுந்தான். வேலைக்குப் போகிற முதல் நாள்.

பலவேசம் இருபது வருசம் லோடுமேன். காமயகவுண்டன்பட்டியிலிருந்து மலையாளத்துக்குப் போகிற காய்கறி லாரியில் மூட்டைக்கு மேல் உட்கார்ந்து போய், இறக்கிவிட்டுத் திரும்புகிறவன். இரண்டு வருசத்துக்கு முன்னால் லோயர் கேம்புக்கு மேலே ஒரு வளைவில் லாரி சாய்ந்தது. முட்டைக்கோஸ் மூட்டைகளுக்கு அடியில் வலது கால் மாட்டி, முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். அதற்குப்பின் வீட்டுக்குள்ளேயே கிடந்தான். கடைசியில் உள்ளூரிலேயே ஒரு வேலை வந்தது. தேனியிலிருந்து வந்து தெருமுனையில் திராட்சை ஷெட் போட்டிருக்கும் இம்மானுவேல், தராசுப் பக்கத்தில் உட்கார ஒரு ஆள் தேடினார். தோட்டத்திலிருந்து காலை ஆறு மணிக்குப் பெட்டிகள் வரும். பெட்டியைத் தராசில் வைக்கிறவன் கைவிரலால் தட்டை அமுக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். மூட்டை தூக்கினவனுக்குத்தான் அந்தத் திருட்டுத்தனம் எல்லாம் தெரியும் என்று பலவேசத்தைக் கேட்டார்.

மூன்றாவது கல் கவிழ்த்துவிட்டது. பக்கத்து வீட்டுத் தங்கபாண்டி ஓடிவந்து தூக்கி, தன் டி.வி.எஸ். ஃபிஃப்டியில் பின்னால் உட்காரவைத்துக் கொண்டுபோய் ஷெட் வாசலில் இறக்கினான். மணி ஆறேமுக்கால். வேட்டியெல்லாம் சேறு. அதற்குள் இரண்டு வண்டி லோடு காத்துக்கிடந்தது.

இம்மானுவேல் சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் தேவலை.

"பலவேசம், ஒங்க மேல எனக்கு வருத்தம் இல்ல. ஆனா ஒங்கள ஒருத்தர் தூக்கிட்டு வந்தாத்தான் தராசு ஓடும்னா, நான் அந்தத் தூக்கிட்டு வர்ற ஆளையே வேலைக்கு வச்சுக்கலாம்ல? இன்னிக்கு வீட்டுக்குப் போங்க. அடுத்த திங்கக்கிழமை வாங்க. நீங்களா வாங்க. முடியலன்னா சொல்லிருங்க, ஓடைப்பட்டியில ஒருத்தன் கேட்டுக்கிட்டே இருக்கான்."

அதில் தப்புச் சொல்ல ஒன்றுமில்லை. அதுதான் வயிற்றெரிச்சல்.

தெருவில் இறங்கிவிட்டால் தார் ரோடு. கட்டையை ஊன்றி ஒரு பீடி குடிக்கிற நேரத்தில் ஷெட்டுக்குப் போய்விடுவான். இந்தப் பதினெட்டு அடிதான். சொந்த வீட்டு வாசல்தான் அவனை வேலைக்குப் போகவிடாமல் மறித்துக்கொண்டு நின்றது.

கல் பதித்தவன் முத்துவீரன், பெண்டாட்டி சோணையம்மாளுக்கு அண்ணன். கொத்தனார். முன்பு வாசல் செம்மண்ணாக இருந்து, மழை பெய்தால் கட்டை அரையடி உள்ளே இறங்கிற்று. கம்பத்தில் ஒரு கல்யாண மண்டபத்துக்குத் தளம் போட்டதில் மிச்சப்பட்ட கல்லைக் கேட்டு வாங்கி, வேனில் ஏற்றிவந்து முத்துவீரனே பதித்துக் கொடுத்தான். புண் ஆறாமல் பலவேசம் மறுபடி மதுரை ஆஸ்பத்திரியில் கிடந்த பத்து நாளில் நடந்த வேலை. ஆட்டோவில் வந்து இறங்கியபோது வாசல் கண்ணாடி மாதிரி இருந்தது. பலவேசத்துக்குக் கண் கலங்கிவிட்டது. முத்துவீரன் ஒரு டீக்குக்கூடக் காசு வாங்கவில்லை.

அதுதான் சிக்கல். கூலி கொடுத்திருந்தால் நாலு வார்த்தை கேட்கலாம். பெண்டாட்டியின் அண்ணன், சும்மா செய்து கொடுத்தவன். அவனிடம் போய் என்னத்தைக் கேட்பது?

இரண்டு மழை தாங்கிற்று. ஐப்பசி மழை பிடித்ததும் ஒவ்வொன்றாக ஆடத் தொடங்கிவிட்டன.

அந்த வாரம் முழுக்க முத்துவீரனுக்கு ஆள்மேல் ஆள் சொல்லிவிட்டான். "அண்ணன் மூணாறுப் பக்கம் வேலையா இருக்காக" என்று சோணையம்மாள் ஒரே பதிலைச் சொன்னாள். அவளே ஆடுகிற கல்லுக்கு அடியில் எதையாவது திணித்துப் பார்த்தாள். செவ்வாய்க்கிழமை ஓட்டுச்சில்லு. புதன்கிழமை தேங்காய் மட்டை. வியாழக்கிழமை பலவேசத்தின் வலதுகால் செருப்பையே நாலாக வெட்டிச் செருகினாள்.

"அது என் செருப்புடி."

"அத என்ன செய்யப் போறீக?" என்று கேட்டுவிட்டு, கேட்டது உறைத்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

திணித்தது எதுவும் ஒரு மழைக்குமேல் நிற்கவில்லை. இந்தப் பக்கம் முட்டுக் கொடுத்தால் அந்தப் பக்கம் தூக்கிற்று. வாசலில் விழுகிற தண்ணீர் தெருச் சாக்கடைக்குப் போகாமல் வீட்டைப் பார்த்து ஓடிவந்தது. படிக்குக் கிழக்கே சுவர் மூலையில் குட்டை கட்டி நின்றது. தெருவில் ஒவ்வொரு வீட்டு வாசலும் தெருவைப் பார்த்து வாட்டமாகச் சரிந்திருக்க, இது ஒன்று மட்டும் வீட்டுக்குள் எட்டிப் பார்த்தது. ரசமட்டம் வைக்கத் தெரியாதவனெல்லாம் கொத்தனார் என்று பலவேசம் பல்லைக் கடித்தான்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் பொறுமை போய்விட்டது. படியில் உட்கார்ந்து இறங்கி, கடப்பாரையை இழுத்துக்கொண்டு மூன்றாவது கல்லுக்கு நகர்ந்தான். கால்தான் ஒன்று குறைவு. நூறு கிலோ மூட்டையைத் தூக்கின தோள் அப்படியே இருந்தது. இடுக்கில் கடப்பாரையைக் கொடுத்து ஒரு நெம்பு. கல் வாயைப் பிளந்துகொண்டு எழுந்தது.

அடியில் கலவைப் படுக்கையே இல்லை. நாலு மூலைக்கு நாலு உருண்டை, நடுவில் ஓர் உருண்டை. அம்புட்டுத்தான் சிமெண்டு. சுற்றிலும் வெறும் செம்மண், அதுவும் கரைந்துபோய்க் குழியாகித் தண்ணீர் நிறைந்து கிடந்தது. ஓர் உருண்டையைக் கையில் எடுத்து நசுக்கினான். உதிர்ந்தது.

"ஏ சோணை! இங்கன வா. ஒங்க அண்ணன் லட்டுப் பிடிச்சு வச்சுட்டுப் போயிருக்கான், வந்து பாரு."

சோணையம்மாள் கையில் மாவோடு ஓடிவந்தாள். "ஏங்க, எதுக்குக் கல்லப் பேக்குறீக? அண்ணன் வந்துரட்டும்."

"வரட்டும். வந்து திங்கட்டும். ஒரு கல்லுக்கு அஞ்சு லட்டு. ஐம்பத்து நாலு கல்லுக்கு எத்தன பந்தி போடலாம்?"

"எல்லாரும் கேக்குற மாதிரிக் கத்தாதீக."

"கேக்கட்டும்டி. நான் கீழ விழுந்தத எல்லாரும்தான் பாத்தாக."

அடுத்த கல்லை நெம்பினான். அங்கேயும் லட்டு. அதற்கடுத்த கல்லின் கீழே அவனுடைய செருப்புத் துண்டு ஊறிப்போய்க் கிடந்தது. அதை எடுத்துத் தெருவுக்கு விட்டெறிந்தபோது, தெருக்கதவைத் திறந்துகொண்டு முத்துவீரன் நின்றான். முந்தின நாள் தங்கபாண்டி போன் போட்டுச் சொல்லி, முதல் பஸ்ஸில் வந்திருக்கிறான். கையில் வேலைப்பை.

"நல்லாருக்கு மாப்ள. கடப்பாரைய வச்சு எங் கழுத்துல போட்டுரு, இதுக்கு அது லேசு."

"வாங்க மச்சான். லட்டு எடுத்துக்கங்க."

"சும்மா கெடந்த கல்லு, சும்மா செஞ்ச வேல. அதுக்கு இந்தப் பேச்சா?"

"சும்மா செஞ்சா இப்படித்தான் செய்வீகளா? அந்தக் கல்யாண மண்டபத்துலயும் அஞ்சு உருண்டைதான் வச்சீகளா? அங்கன முழுசாக் கலவ விரிச்சிருப்பீக. தங்கச்சி வீடுன்னா உருண்டை."

முத்துவீரனுக்கு முகம் சிவந்தது. "மூணு மூட சிமெண்டுதான் இருந்துச்சு, அத வச்சு இழுத்துக் கட்டுனேன். சரி, அது எந் தப்பு. ஒத்துக்கிறேன். உருண்டை வச்ச கல்லும் பத்து வருசம் நிக்கும் மாப்ள, அடியில தண்ணி போகாம இருந்தா."

"தண்ணி ஏன் போகுது? வாட்டம் குடுக்கத் தெரியாததுனால போகுது. தெரு தெக்க இருக்கு, சாக்கட தெக்க இருக்கு. நீங்க வடக்க தள்ளி விட்டுருக்கீக. பொறந்த பிள்ளைக்குத் தெரியும்."

"எனக்குத் தெரியாதா?" முத்துவீரன் பையைத் தூக்கிப் போட்டான். "முப்பது வருசமாக் கரண்டி பிடிக்கிறவனுக்கு வாட்டம் எந்தப் பக்கம்னு நீ சொல்லித் தர்றியா? நான் தெக்கதான் நூல் பிடிச்சேன். ஏன் மாத்துனேன்னு ஒம் பொண்டாட்டியக் கேளு."

சோணையம்மாள் கையிலிருந்த மாவை விரல் விரலாக உருட்டிக்கொண்டு நின்றாள்.

பலவேசம் அவளைப் பார்த்தான். "என்னடி?"

"ஒண்ணுமில்ல."

"சொல்லுத்தா" என்றான் முத்துவீரன். "நீ சொல்றியா, நான் சொல்லவா?"

கடைசியில் முத்துவீரனே சொன்னான். பலவேசம் மதுரையில் கிடந்தபோது தேனியிலிருந்து ஒரு வாஸ்துக்காரர் வந்தாராம். கையில் திசைகாட்டியோடு தெருத்தெருவாகப் பார்த்துக்கொண்டு வந்தவர், இந்த வீட்டு வாசலில் நின்று நாக்கை 'த்சு' என்று அடித்தாராம். ஈசானி மூலை உசந்து கிடக்கிறது, வடகிழக்கு உசந்தால் வீட்டு ஆம்பளையின் காலுக்கு ஆகாது என்றாராம். சோணையம்மாள் ஆடிப்போய்விட்டாள். கால் போனது அவருக்கு முன்கூட்டித் தெரிய வாய்ப்பில்லையே என்று நினைத்தாள். தெருவில் நின்று பத்துப் பேரிடம் கேட்டுவிட்டுத்தான் அவர் உள்ளே வந்தார் என்பது தங்கபாண்டி பிறகு சொன்னது.

"நூலப் பிடிச்சுக்கிட்டு அழுதா மாப்ள. ஈசானி மூலைக்கு வாட்டம் குடுண்ணே, இன்னொரு காலாவது மிஞ்சட்டும்னு அழுதா. நான் என்ன செய்ய? கொடுத்தேன்."

பலவேசத்துக்கு வாயில் வந்த கெட்ட வார்த்தை அங்கேயே நின்றுவிட்டது. யாரைத் திட்டுவதென்று தெரியவில்லை. இத்தனை நாளாக மச்சானின் வேலையைத் திட்டியிருக்கிறான், மழையைத் திட்டியிருக்கிறான், கல்லைத் திட்டியிருக்கிறான். இவளுடைய பயம்தான் அடியில் தேங்கிக் கிடந்திருக்கிறது.

"எங்கிட்ட ஏண்டி சொல்லல?"

"சொன்னா மாத்தச் சொல்லுவீக."

"பின்ன? இருக்கிற ஒரு காலக் காப்பாத்த நீ குடுத்த வாட்டம்தாண்டி அதையும் ஒடிக்கப் பாக்குது! நாளைக்கு நான் ஷெட்டுக்குப் போகணும். போகலன்னா ஓடைப்பட்டிக்காரன் வந்து உக்காந்துருவான். அப்புறம் இந்த வீட்டுல நான் ஈசானி மூலையப் பாத்துக்கிட்டே கெடக்க வேண்டியதுதான்."

"லாரி கவுறணும்னு நீங்களா கேட்டீக, நானா கேட்டேன்? மொதத் தடவ ஒங்கள ஆட்டோவுல இருந்து எறக்குனப்ப நான் பாத்தத நீங்க பாக்கல. அதனால பேசுறீக." அவள் மாவுக்கையைச் சேலையில் துடைத்தாள். "எனக்கு எவன் எதச் சொன்னாலும் பயமாத்தான் இருக்கும்."

முத்துவீரன் உள்ளே போய்ச் செப்புக்குடத்தை எடுத்துவந்தான். தெருக்கதவுக்குப் பக்கத்தில் நின்று மெதுவாகச் சாய்த்தான். தண்ணீர் கல்லுக்குக் கல் இடுக்கில் இறங்கி, ஏறி, நேரே வந்து படியில் முட்டிற்று. சோணையம்மாளின் பாதத்தை நனைத்தது. அவள் நகரவில்லை. குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"நடுவுல மட்டும் மாத்துங்க" என்றாள் கடைசியில். "இவுக நடக்குற வரிசை. ஒம்பது கல்லு. அத எம்புட்டு ஒசத்தினாலும் சரி, தெக்க சரிச்சாலும் சரி. அந்த மூலைக் கல்ல மட்டும் யாரும் தொடக்கூடாது."

"அதுல தண்ணி நிக்குமே ஆத்தா."

"நிக்கட்டும்."

பலவேசம் வாயைத் திறந்தான். முத்துவீரன் கண்ணைக் காட்டினான். பலவேசம் மூடிக்கொண்டான்.

தங்கபாண்டியின் வண்டியில் ஒரு மூட்டை சிமெண்டு வந்தது. சுவர் இடித்த செங்கல் ஜல்லி ஒரு சாக்கு அவன் வீட்டிலேயே கிடந்தது. முத்துவீரன் ஒன்பது கல்லையும் எடுத்து, முக்கால் அடிக்குத் தோண்டினான். பலவேசம் உட்கார்ந்தபடியே மண்ணை இடித்தான். இடிகட்டையை இரண்டு கையாலும் தூக்கித் தூக்கிப் போட்டதில் தோளில் இருந்த கோபம் கொஞ்சம் மண்ணுக்குள் இறங்கிற்று. சோணையம்மாள் கலவை குழைத்தாள். ஜல்லி, அதன்மேல் கலவை, மூலைமுடுக்கு விடாமல் முழுப் படுக்கை. ஒவ்வொரு கல்லையும் வைத்ததும் முத்துவீரன் கரண்டிக் காம்பால் தட்டிக் காட்டினான்.

"சத்தத்தக் கேளு மாப்ள. லட்டா இது?"

"இதத்தான மச்சான் மொதல்லயே கேட்டேன்."

"விடுறா. போனது போகட்டும்."

கடைசிக் கல்லைத் தட்டி முடிக்கும்போது பொழுது சாய்ந்திருந்தது. நடுவில் ஒன்பது கல் ஓர் அங்குலம் உசந்து, தெருவைப் பார்த்துச் சரிந்து, நூல் பிடித்தது மாதிரிக் கிடந்தது. பலவேசத்துக்கு அப்போதே கட்டையை ஊன்றி நடந்து பார்க்கவேண்டும் போலிருந்தது. கையை நீட்டினான்.

"எங்க போற?" என்றான் முத்துவீரன். "மூணு நாளைக்கு மிதிக்கப்படாது."

"என்னது?"

"பச்சக் கலவ மாப்ள. இப்ப மிதிச்சா உள்ள விட்டுப் போயிரும். மறுபடி ஆடும். மூணு நாளு தண்ணி ஊத்தி ஊற வைக்கணும்."

"நாளைக்குக் காலையில ஆறு மணிக்கு நான் போகணும் மச்சான்!"

"மூணு நாளு கழிச்சுப் போகவேண்டியதுதான?"

"காலையில இருந்து அதத்தான கத்திக்கிட்டு இருக்கேன்! நாளைக்குன்னா நாளைக்குத்தான்!"

"வாட்டத்தப் பத்திக் கத்துன, லட்டப் பத்திக் கத்துன. எதக் கேட்டேன், எத விட்டேன்னு எனக்கென்ன தெரியும்?"

பலவேசம் தலையில் அடித்துக்கொண்டான். நிஜமாகவே அடித்துக்கொண்டான், சிமெண்டுக் கையால்.

முத்துவீரன் அன்று ஊருக்குப் போகவில்லை. விடியற்காலையில் அவனே முதலில் எழுந்து படியருகே குனிந்து நின்றான்.

"ஏறிக்க மாப்ள, முதுகுல. பதினெட்டு அடிதான். கேட்டுல எறக்கி விட்டுர்றேன். மொதலாளிக்கா தெரியப் போகுது?"

"எனக்குத் தெரியும்ல. ஒதுங்குங்க மச்சான்."

பலவேசம் வேட்டியை அவிழ்த்துச் சோணையம்மாளிடம் கொடுத்தான். பழைய கைலியைத் தொடைவரை ஏற்றிக் கட்டிக்கொண்டான். படியில் உட்கார்ந்து, புதுக் கற்களுக்கு மேற்கே, ஆடுகிற வரிசைக்கு இறங்கினான். இரண்டு கையையும் பின்னால் ஊன்றி, உடம்பைத் தூக்கி, ஒரு கல் நகர்ந்தான். கல் ஆடிற்று. அடியிலிருந்து சேறு பீச்சி முதுகில் அடித்தது. உட்கார்ந்தவன் அதற்குமேல் விழ இடமில்லை. மறுபடி ஊன்றினான். மறுபடி தூக்கினான்.

எதிர்வீட்டுப் பெண்கள் வாசல் தெளிப்பதை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று விட்டுவிட்டான். நாலாவது கல்லில் உள்ளங்கை கிழிந்தது. ஏழாவது கல்லில் மூச்சு வாங்கிற்று. சோணையம்மாள் கட்டைகளையும் வெள்ளை வேட்டியையும் மார்போடு அணைத்துக்கொண்டு கூடவே ஆடுகிற கல்லில் தடுமாறி வந்தாள். "மெல்ல, மெல்ல" என்று சொல்லிக்கொண்டே வந்தாள். அவள்தான் ஒருதரம் விழப் பார்த்தாள்.

தெருக்கதவைப் பிடித்து எழுந்தபோது அவள் அங்கே வைத்திருந்த குடத்துத் தண்ணீரைக் கையிலும் காலிலும் முதுகிலும் ஊற்றினாள். அங்கேயே அவள் சேலையால் மறைத்துப் பிடிக்க வேட்டியைக் கட்டிக்கொண்டான். தங்கபாண்டி வண்டியை உதைத்துக் கிளப்பி, "ஏறுண்ணே, மணியாச்சு" என்றான்.

"நீ போலே."

கட்டைகளை அக்குளில் கொடுத்தான். தார் ரோட்டில் ரப்பர் சிக்கென்று பிடித்தது. நாலு எட்டு வைத்துவிட்டுத் திரும்பாமலே சொன்னான்: "மூணு வேளையும் தண்ணி ஊத்து. ஒரு கோழிகூட மிதிக்கப்படாது."

ஷெட்டில் முதல் வண்டி அப்போதுதான் பின்பக்கக் கதவைத் திறந்துகொண்டிருந்தது. இம்மானுவேல் கைக்கடிகாரத்தைப் பார்த்தார், அப்புறம் தெருவை எட்டிப் பார்த்தார். பின்னால் யாரும் வரவில்லை.

"நடந்தா வந்தீக?"

"வீட்டு வாசல் போக, மிச்சமெல்லாம் நடந்துதான் வந்தேன்."

அவருக்குப் புரியவில்லை. கிழிந்த உள்ளங்கையைப் பார்த்தார். தராசுப் பக்கத்து ஸ்டூலைக் காலால் தள்ளினார். பலவேசம் உட்கார்ந்து கட்டைகளைச் சுவரில் சாய்த்தான். முதல் பெட்டி தராசில் ஏறிற்று. வைத்தவன் வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான். சுண்டுவிரல் மட்டும் தட்டின் ஓரத்தில் இருந்தது.

"ஏலே," என்றான் பலவேசம், "கைய எடு."